தண்ணீர் இழுக்காத பொன்னாடை

நம் வயசுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது பழசைப் பேசினால் எந்த வருசம் என்று கேட்க மாட்டோம், எந்த ஆட்சி என்றுதான் கேட்போம். நான் பிறந்த தேதி என் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் யார் ஆட்சி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். எனக்கு அம்மை போட்டது, வீட்டுக்குத் தகரம் போட்டது, சினை ஆடு செத்தது எல்லாமே எங்கள் வீட்டில் அவங்க ஆட்சி, நம்ம ஆட்சி என்ற கணக்கில்தான் கிடக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். சிரிக்காதீர்கள்.

எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், இந்த வயதிலும் என்னோடு பேச்சை முறித்துக்கொள்ள போடியில் ஆள் இருக்கிறார்கள். அப்பாவுக்கு ஒரு கட்சி, அம்மாவோடு பிறந்த மாமாவுக்கு ஒரு கட்சி. அது போதும். நான் ஆறாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏன் நின்றேன் என்பதும் இதற்குள்ளேயே வருகிறது.

மழை விட்டு, மலையில் காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம் அது. விடியும் முன்பே ஜீப்புகள் தெருமுனையில் வந்து நின்று உறுமும். பெண்கள் தூக்குவாளியும் சாக்குமாக அடைந்துகொண்டு ஏலத்தோட்டங்களுக்கு ஏறிப்போவார்கள். அம்மாவும் போவாள். இருட்டிய பிறகு வருவாள். அவள் விரலிடுக்கில் ஏலக்காய் வாசம் ஏறிக் கிடக்கும். அந்தக் கையால் பிசைந்து தரும் சோற்றிலும் அதே வாசம். பாயசம் மாதிரி இருந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை, கசாயம் மாதிரி இருக்கும். இன்றைக்கும் ஏலக்காய் தட்டிப் போட்ட டீ எனக்குத் தொண்டையில் இறங்காது.

அப்பா ஏலக்காய் வியாபாரம் நடக்கும் காய்க்கடைகளில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். அது பிழைப்பு. கட்சியில் கிளைச் செயலாளர். அதுதான் உயிர். வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே நல்ல வேட்டி கட்சிக் கரை போட்டதுதான். அம்மா மலையிலிருந்து வந்த அலுப்போடு அதற்கு நீலம் போட்டுக் காயவைப்பாள்.

அண்ணன் பத்தாவது பாஸ். எங்கள் வரிசை வீடுகளில் அப்போது அவன் ஒருவன்தான். அவனுக்குக் காட்டிலாகாவில் வாட்சர் வேலைக்கு அழைப்பு வந்தது. எழுத்துப் பரீட்சை முடிந்துவிட்டது, இனி நடைதான் பாக்கி. போடியிலிருந்து தேவாரம் சாலையில் போய், குறித்த இடத்தில் திரும்பி, வெயில் ஏறுவதற்குள் வந்து சேர வேண்டும். அவ்வளவுதான் சோதனை. என் அண்ணனுக்கு அது ஒரு வேலையே இல்லை. சின்ன வயதிலிருந்தே ஜீப்பில் ஏறாமல் குறுக்குப் பாதையில் தோட்டத்துக்கு ஏறி, அம்மாவுக்கு முன்னால் போய் நிற்கிறவன். அந்த வேலை மேல் அவன் வைத்த ஆசைக்குக் காரணம் ஒன்றே ஒன்று. முதல் சம்பளம் வந்த அன்றைக்கு அம்மா ஜீப்பு ஏறுவதை நிறுத்த வேண்டும். அதை அவளிடம் அவன் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னான்.

காலையில் மலைக்கு ஏறும் மெட்டுச் சாலையில் வேகநடை பழகுவான். கடந்துபோகும் ஜீப்புகளிலிருந்து பெண்கள் கத்துவார்கள்.

"ஏ தம்பி, ஏறிக்க, எடம் கெடக்கு!"

"அவன ஏத்தாதடி, கெவருமெண்டு வேலைக்கு நடக்குறான்."

"நடந்தா வேலை குடுக்காகளா? அப்ப எனக்கு இந்நேரம் கலெக்டரு வேலை குடுத்திருக்கணுமேடி!"

அண்ணன் சிரித்துக்கொண்டே நடப்பான். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இப்போது அவன் அப்படிச் சிரிப்பதில்லை.

அப்போது நடந்தது எங்கள் ஆட்சி. அதாவது அப்பாவின் ஆட்சி. கேடு அங்கேதான் பிடித்தது. சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம், மாமா தன் சைக்கிள் கடையைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா அவரைப் பார்த்ததும் வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னார்.

"நாளைக்கு நம்ம ஆளுக இருவது பேரு திரும்புற எடத்துல நிப்பாங்க. இவனுக்குப் பொன்னாடை போத்தப் போறோம்."

"எதுக்கு மச்சான்? அவன் இன்னும் நடக்கவே இல்லையே."

"சும்மா நடந்து வேலைக்குப் போனான்னு இருக்கக் கூடாது மாப்ளே. நம்ம கட்சியால போனான்னு இருக்கணும்."

"நடக்கப் போறது ஒங்க கட்சியா, என் மருமகனா?"

"ஒனக்கு வயித்தெரிச்சல்."

"எனக்கு எதுக்கு வயித்தெரிச்சல்? நானும் அங்கன ஒரு மோர்ப் பந்தல் போடுறேன். மாமங்காரன் மருமகனுக்கு மோர் குடுக்கக் கூடாதா?"

"பந்தல்ல எந்தக் கொடி?"

"பந்தல்னா கொடி இருக்கத்தான் செய்யும்."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் நாளைக்கு ஒரு நாள் வீட்ல கெடங்க, சாமிகளா. அவன் போயிட்டு வரட்டும்" என்றாள். அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அண்ணன் தன் கேன்வாஸ் சூவுக்குச் சுண்ணாம்புக் கட்டி தேய்த்துக்கொண்டிருந்தான். சோதனைக்காரர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ள எண் எழுதிய ஒரு துணி கொடுத்திருந்தார்கள். நாற்பத்தொன்று. அதைக் குத்த ஊக்கு ஒன்று குறைந்தது. என் பாவாடையில் இருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். மறுநாள் முழுக்க ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டேதான் அலைந்தேன்.

திரும்பும் இடம் தேவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு புளியமரத்தடி. அப்பாவின் ஆட்கள் கொடி கட்டிய ஜீப்பில் என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பக்கத்துச் சோளக்காட்டில் முந்தின இரவு யானை இறங்கியிருந்தது. தட்டைகள் பாய் விரித்தது மாதிரிப் படுத்துக் கிடந்தன. விரட்டுவதற்காக எரித்த டயரின் நாற்றம் இன்னும் சாலையில் இருந்தது. மரத்தடியில் இரும்பு நாற்காலி போட்டு ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கம்பி வளையம், அதில் தகர வில்லைகள் கோத்திருந்தன. நடந்து வருகிறவனின் நெஞ்சில் உள்ள எண்ணைச் சத்தமாகப் படித்து, அதே எண் அடித்த வில்லையைக் கழற்றி அவன் கையில் கொடுப்பார். அதைக் கொண்டுபோய் முடிகிற இடத்தில் கொடுத்தால் இங்கே வந்து திரும்பியதற்கு அத்தாட்சி. யாருக்கும் புரியாத சட்டம் இல்லை. சிறுபிள்ளை எனக்கே பார்த்த உடனே புரிந்தது.

சாலைக்கு அந்தப் பக்கம் மாமாவின் மோர்ப் பந்தல். இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் பாவம், அந்தக் குமாஸ்தா.

அண்ணன் மூன்றாவது ஆளாக வந்தான். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. மூச்சு சீராக இருந்தது. மாமா செம்போடு சாலையில் இறங்குவதை அப்பா பார்த்தார். அவ்வளவுதான், மோர் முந்திவிடக் கூடாதே என்று பொன்னாடையை விரித்துக்கொண்டு ஓடினார். அண்ணனின் கழுத்தைச் சுற்றிப் போர்த்தி, முன்பக்கம் இழுத்து முடிச்சே போட்டுவிட்டார். இருபது பேரும் வாழ்க வாழ்க என்று கத்தினார்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து அவர்களும் அவர்களுடைய வாழ்கவைக் கத்தினார்கள். குமாஸ்தா எழுந்து நின்று, "நம்பர்! நம்பரக் காட்டுப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். எண் பொன்னாடைக்கு அடியில் இருந்தது. அவர் ஒரு கையில் வளையத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையை அண்ணனை நோக்கி நீட்டியதைக் கண்ணால் பார்த்தேன். கூட்டம் அண்ணனை அப்படியே தள்ளிக்கொண்டு அவரைத் தாண்டிப் போய்விட்டது. ஊர் முன்னால் அப்பா போட்ட ஆடையை மகன் கழற்றுவானா? அதைப் போர்த்தியபடியே திரும்பி நடந்தான்.

எரிச்சலாக வருகிறது. இன்னும் எரிச்சலாக வருகிறது.

போடிப் பள்ளிக்கூட மைதானத்தில் முடிகிற இடம். நாங்கள் ஜீப்பில் முன்னாலேயே வந்துவிட்டோம். அண்ணன் மூன்றாவதாகவே வந்து சேர்ந்தான். காக்கி உடுப்பில் இருந்த அதிகாரி வெளியூர்க்காரர், மெதுவாகப் பேசுகிறவர்.

"வில்லை எங்க தம்பி?"

அண்ணன் உள்ளங்கையை விரித்தான். வேர்வைதான் இருந்தது.

"வில்லை இல்லைன்னா நீ அங்க வந்து திரும்பலைன்னுதானே அர்த்தம்?"

அப்பா இடையில் புகுந்தார். "எம்மகன் குறுக்கு வழியில வந்தான்னு சொல்றீகளா? எந்தக் கட்சிக்காரன்யா நீ?"

அந்த மனிதருக்குக் கோபம் வரவில்லை. குமாஸ்தா வரட்டும் என்று காத்திருக்கச் சொன்னார். குமாஸ்தாவும் வந்தார். "ஆமா சார், சால்வை போத்துன ஒரு பையன் வந்தான், நம்பரப் பாக்க விடல" என்று உள்ளதைச் சொன்னார். அதிகாரி அப்பாவிடம் திரும்பினார்.

"விடுபட்டவங்களுக்கு அடுத்த வாரம் ஒரு நடை இருக்கு. எண் மறைஞ்சு போச்சு, வில்லை வாங்க முடியலன்னு ரெண்டு வரி மனு எழுதிக் குடுங்க. பையனச் சேத்துக்கிறேன். நல்லா நடக்குறான்."

நினைத்துப் பாருங்கள். ரெண்டு வரி. அண்ணன் அங்கேயே எழுதியிருப்பான். அவன் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். அப்பாகூட ஒரு நொடி யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரம் பார்த்து, மோர்ச் செம்போடு பின்னாலேயே வந்திருந்த மாமா நல்ல எண்ணத்தில் வாயைத் திறந்தார்.

"எழுதிக் குடுங்க மச்சான். ஒண்ணும் கொறஞ்சிர மாட்டீக."

முடிந்தது. எதிர்க்கட்சிக்காரன் எழுதச் சொன்னதை அப்பா எழுதவிடுவாரா?

"நம்ம ஆட்சியில நாம மனு எழுதுறதா? இவன் மன்னிப்புக் கடுதாசி கேக்குறான்டா. ஆளு யாருன்னு இப்பத் தெரியுதா? எல்லாம் அவங்க போட்ட ஆளு!"

நான் அப்பாவின் வேட்டியை இழுத்தேன். "அப்பா, அந்தச் சாரு கைய நீட்டுனாரு. நீங்கதான் துணியப் போட்டு நம்பர மறச்சீக" என்றேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அடி விழாமல் காப்பாற்றிய கிள்ளு அது என்பது பெரியவளானபோதுதான் புரிந்தது.

அப்பா அண்ணனைக் கூட்டிக்கொண்டு பெரிய தலைவர் வீட்டு வாசலுக்குப் போனார். நாள் முழுக்க நின்றார்கள். "பாத்துக்கலாம்" என்று தலைவர் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து சாமிபடம் மாதிரி வைத்துக்கொண்டார். இரண்டாவது நடை நடந்த அன்று காலையில் அண்ணன் எப்போதும் போல எழுந்து சூவுக்குச் சுண்ணாம்பு தேய்த்தான். பிறகு அதைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, அப்பாவோடு காய்க்கடைக்கு மூட்டை தூக்கப் போனான். அம்மா ஜீப்பில் ஏறினாள்.

அந்தப் பொன்னாடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மினுக்கும் சரிகை, வழுவழு என்று ஒரு துணி. எதற்கும் உதவவில்லை. போர்த்தினால் குளிர் தாங்காது. அடுப்பிலிருந்து சட்டி பிடித்து இறக்கலாம் என்றால் சூட்டில் சுருங்கும். தரை துடைத்தால் தண்ணீர் இழுக்காது, தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். கடைசியில் அம்மா அதை ரேடியோப் பெட்டிக்கு மூடாக்குப் போட்டாள். அதிலும் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழும்.

அடுத்த வருசம் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். "பத்துப் படிச்சவனையே சதி பண்ணிக் கவுத்துட்டானுக. இவ படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா?" என்றார் அப்பா. சதி என்று அவர் நிஜமாகவே நம்பினார் என்பதுதான் கொடுமை. பொய்யாகச் சொல்லியிருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம். அம்மாவோடு என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள். கொண்டையூசி வளைவு ஒவ்வொன்றிலும் நான் வாந்தி எடுத்தேன். அடுத்தவர் மடியிலும் எடுத்தேன். "இந்தப் புள்ளயக் கீழயே வச்சுக்கங்க தாயி" என்று டிரைவர் கும்பிட்டார். அப்படித்தான் காய்க்கடையில் ஏலக்காயை ரகம் பிரிக்க உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு மலை ஏறவே இல்லை.

ஆட்சி மாறியது. அண்ணனுக்கு வேறு வேலைகளுக்கு அழைப்பு வந்தது. "அவங்க ஆட்சியில போயி சல்யூட்டு அடிப்பியா? நம்ம ஆட்சி வரட்டும்" என்றார் அப்பா. அதற்குள் அண்ணனும் அதையே பேசப் பழகியிருந்தான். நம்ம ஆட்சி வந்தது. வந்தபோது அண்ணனுக்கு வயது வரம்பு தாண்டியிருந்தது. அவன் ஒருவன்தான் என்றால் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். எங்கள் தெருப் பையன்கள் எத்தனையோ பேர் தேர்தல் முடிவைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தை எடுத்தார்கள், மூடினார்கள். ஜெயித்தால், "நம்ம ஆளு இருக்காரு, எதுக்குப் படிக்கணும்?" தோற்றால், "அவங்க ஆளுக்குத்தான் குடுப்பான், எதுக்குப் படிக்கணும்?" ஆக, படிப்பதற்கென்று ஒரு ஆட்சி வரவே இல்லை. இப்போது அதையே செல்போனில் படம் போட்டுப் பேசுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தவள் அண்ணன் மகள். காலம் தாழ்ந்து பிறந்த ஒற்றைப் பிள்ளை. டிகிரி முடித்தவள். போன மாதம் என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"அத்தே, பாரஸ்ட் வேலைக்கு எழுத்துல பாஸாயிட்டேன். புதங்கெழம தேனியில நடை டெஸ்ட்டு."

கேஸை அடைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவள் நான். இதைக் கேட்டால் எப்படி இருக்கும்?

"ஒங்கப்பன்ட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் அத்தே. அதான் வந்தேன். பத்துப் பேரோட வர்றேன்னு நிக்கிறாரு. சால்வை வாங்கிட்டாரு. ஒங்க மாமா மகன் வேற அவங்க ஆளுகளோட வர்றாராம்."

அண்ணன் இப்போது அப்பா வகித்த அதே பதவியில் இருக்கிறான். யார் ஆட்சி என்று கேட்காதீர்கள். யார் ஆட்சியானாலும் அவன் சால்வை வாங்கியிருப்பான்.

"வேணாம்னு சொல்ல வேண்டியதான?"

"அப்பா மூஞ்சியப் பாத்து எப்படி அத்தே சொல்ல?"

அதுவும் சரிதான். அந்த மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியாதுதான். இரண்டு நாள் யோசித்தேன். புதன்கிழமை காலை, வெளிச்சம் வந்ததும் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். கரை வேட்டி கட்டி, கையில் பிளாஸ்டிக் கவரோடு கிளம்பிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, என்னைய போடிமெட்டுக்குக் கூட்டிட்டுப் போ. என்னோட காய் பிரிச்சவ ஒருத்தி மகன் வீட்டோட அங்க இருக்கா. பாக்கணும்."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? நீ மலை ஏறுறவளா? இன்னைக்குத்தான் ஒனக்குத் தோணுச்சா?"

"நாளைக்கு நான் இருப்பனோ மாட்டனோ. நேத்துலருந்து நெஞ்சு படபடன்னு வருது. தனியாப் போகப் பயமா இருக்குண்ணே."

என் பயம் ஊரறிந்த பயம். அதை வைத்து வாழ்நாளில் நான் சாதித்தது இது ஒன்றுதான். வாசலில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். அழுகை தானாகவே வந்தது, நடிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆட்களுக்குப் போன் போட்டு, "நான் இல்லாம போக வேணாம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பு பிடித்தான்.

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஏறினேன். பாதி மலை போவதற்குள் மூன்று தடவை வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. அண்ணன் போனை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். சிக்னல் இல்லை. மேலே ஒரு வளைவில் இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றேன். பக்கத்து மலையாளத்து டீக்கடைக்காரர், "சேச்சி, கொறச்சு வெள்ளம் குடிக்கு" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கீழே போடி தெரிந்தது. தோட்டங்களுக்கு நடுவில் நூல் மாதிரி ஒரு சாலை.

அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது தேவாரம் ரோடுதான?"

"ஆமா."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னான். "அன்னைக்கு அந்தாளு கைய நீட்டுனாரு. நான் பாத்தேன். துணிய வெலக்கிருந்தா வாங்கிருப்பேன். அப்பா முடிச்சுப் போட்ட கைய இன்னும் எடுக்கல."

எனக்கு வாந்தியே நின்றுபோனது. இத்தனை காலமும் சதி சதி என்று மேடை போட்டுப் பேசியவன்.

"தெரிஞ்சுக்கிட்டேவா இன்னைக்கும் சால்வை வாங்குன?"

"என்ன புள்ள செய்யச் சொல்ற? நாம போகலன்னா அவங்க போயிருவாங்கள்ல?"

இதற்கு என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். எனக்கு மறுபடி வாந்திதான் வந்தது. அவனிடம் துண்டு இல்லை. கவரைப் பிரித்து அந்தப் புதுச் சால்வையை எடுத்துக் கொடுத்தான். வாயையும் கையையும் துடைத்தேன். இதுவும் ஒரு சொட்டுத் தண்ணீர் இழுக்கவில்லை.

அதற்கு மேல் போக என்னால் முடியாது என்று கூட்டாளியைப் பார்க்காமலேயே வண்டியைத் திருப்பினோம். கீழ் வளைவுக்கு வந்ததும் போன் அடித்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பா, முடிச்சுட்டேன். நேரத்துக்குள்ள வந்துட்டேன். தேறிட்டேன்னு சொல்லிட்டாங்க."

அவன் கண் கலங்கியது. நான் பார்த்தேன். ஆனாலும் கேட்டான்.

"நம்ம ஆளுக யாராச்சும் வந்தாங்களாத்தா?"

"இல்லப்பா."

"அவங்க ஆளுக?"

"நீங்க வரலன்னு தெரிஞ்சதும் அவங்களும் திரும்பிட்டாங்கப்பா."

"அப்பச் சரி" என்றான் என் அண்ணன். நிம்மதியாகச் சீட்டில் சாய்ந்துகொண்டான். வழுக்கும் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த வளைவு வருவதற்குள் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.